செவிலியத் தலைமைக்கு முனைவர் பட்டம் எதற்கு?

2002 அக்டோபரில் ‘ஜாமா’ மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 2,32,342 பேரின் பதிவேடுகளை லிண்டா எய்கன் என்ற செவிலிய அறிஞரும் அவருடைய குழுவினரும் அலசியிருந்தார்கள். ஒரு செவிலியர் பொறுப்பில் இருக்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினால்கூட, அந்த நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் ஏறுகிறது என்று கண்டார்கள். நான்கு நோயாளிக்கு ஒரு செவிலியர் இருக்கும் மருத்துவமனைக்கும் எட்டு நோயாளிக்கு ஒரு செவிலியர் இருக்கும் மருத்துவமனைக்கும் இந்த வேறுபாடு 31 சதவீதம் வரை போனது.

ஒரு ஷிப்ட்டுக்கு எத்தனை செவிலியர் என்பதை வார்டில் நிற்கும் செவிலியர் முடிவு செய்வதில்லை. மேல்மாடியில், வரவுசெலவுக் கணக்கு விரித்து வைக்கப்பட்ட மேசையில் அது முடிவாகிறது. அந்த மேசையைச் சுற்றி யார் உட்கார்ந்திருந்தார்கள்? அமெரிக்க மருத்துவமனைச் சங்கம் 2010 வாக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவமனை நிர்வாகக் குழுக்களை ஆராய்ந்தபோது, உறுப்பினர்களில் மருத்துவர்கள் 20 சதவீதம், செவிலியர்கள் 6 சதவீதம். அந்த நாட்டின் மருத்துவத் துறையில் எண்ணிக்கையில் மிகப் பெரிய பிரிவு செவிலியர்கள். உரிமம் பெற்றவர்கள் 40 லட்சத்துக்கு மேல். நோயாளியோடு இரவும் பகலும் இருப்பவர்களும் அவர்களே. உயிரோடு தொடர்புள்ள ஒரு முடிவில் அவர்களுடைய குரல் இவ்வளவு மெலிந்து இருந்ததை மாற்றத்தான் பல முயற்சிகள் நடந்தன. அவற்றுள் பெரியதும், இன்றுவரை சர்ச்சை ஓயாததுமானது ‘டாக்டர் ஆஃப் நர்சிங் பிராக்டிஸ்’ என்ற முனைவர் பட்டம். சுருக்கமாக டி.என்.பி. நம் ஊர் மருத்துவர்கள் பெயருக்குப் பின்னால் காணும் டி.என்.பி. வேறு, அது மருத்துவச் சிறப்புத் தகுதி. இங்கே பேசுவது செவிலியர்களுக்கான, நடைமுறையை மையமாகக் கொண்ட முனைவர் பட்டத்தைப் பற்றி.

தலைமைப் பொறுப்பை எண்ணி இந்தப் பட்டத்தில் சேரலாமா என்று கேட்கிற செவிலியர்கள் இன்று அமெரிக்காவில் ஏராளம். அங்கே பணிபுரியும் தமிழ்ச் செவிலியர்களும் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். அதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு வரியில் பதில் சொல்வது நேர்மையாகாது என்பதால்தான் இந்தக் கட்டுரை.

பட்டம் வந்த வழி

செவிலியர் முனைவர் ஆவது புதிதல்ல. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரி 1920களிலேயே செவிலியப் பேராசிரியர்களுக்குக் கல்வியியல் முனைவர் பட்டம் அளிக்கத் தொடங்கிவிட்டது. பின்னர் நியூயார்க், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகங்களில் பிஎச்.டி. வந்தது. இவையெல்லாம் ஆசிரியரையும் ஆய்வாளரையும் உருவாக்கின. வார்டையும் மருத்துவமனையையும் நடத்துகிறவருக்கு என்று ஒரு முனைவர் படிப்பு இருக்கவில்லை. 1979-ல் கிளீவ்லாந்தின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் ‘நர்சிங் டாக்டர்’ என்ற பெயரில் ஒன்றைத் தொடங்கியது. அதன் பின்னணியில் இருந்தவர் ரொசெல்லா ஷ்லாட்ஃபெல்ட். அந்த விதை பரவலாக முளைக்கவில்லை. கென்டக்கி பல்கலைக்கழகம் 2001-ல் தொடங்கியதுதான் இன்றைய டி.என்.பி.யின் முதல் வடிவம்.

அந்தக் காலத்து மருத்துவ உலகின் மனநிலையையும் நினைவில் கொள்ள வேண்டும். அமெரிக்க மருத்துவமனைகளில் தவிர்த்திருக்கக்கூடிய தவறுகளால் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கிறார்கள் என்று அந்நாட்டு மருத்துவக் கழகத்தின் அறிக்கை 1999-ல் சொன்னது. தனி மனிதரைக் குறை சொல்வதை விட்டு, தவறு நடக்க இடம் கொடுக்கும் அமைப்பைத் திருத்துங்கள் என்பதே அந்த அறிக்கையின் சாரம். அமைப்பைத் திருத்த ஆள் வேண்டும். அந்த ஆட்களைச் செவிலியர்களிடையே உருவாக்கலாம் என்று எண்ணிய அமெரிக்கச் செவிலியக் கல்லூரிகள் சங்கம், 2004 அக்டோபரில் ஒரு தீர்மானம் போட்டது: உயர்நிலைச் செவிலியப் பணிகளுக்கான படிப்பு 2015-க்குள் முதுகலையிலிருந்து முனைவர் நிலைக்கு உயர வேண்டும். 2006-ல் அதற்கான பாடத்திட்ட அடிப்படைகள் எட்டு வகுக்கப்பட்டன. இளங்கலைக்குப் பிறகு குறைந்தது 1,000 மணி நேரம் நேரடிப் பயிற்சி என்பதும் அதில் விதியாயிற்று.

2015 இலக்கு எட்டப்படவில்லை. மயக்க மருந்துச் செவிலியர்கள் மட்டும் முழுமையாக மாறினார்கள். 2022 ஜனவரி முதல் அந்தப் பிரிவில் புதிதாகச் சேரும் எவரும் முனைவர் படிப்பில்தான் சேர முடியும். மகப்பேறு பார்க்கும் செவிலியர்களின் சங்கம் இதைக் கட்டாயமாக்க உடன்படவில்லை. நர்ஸ் பிராக்டிஷனர்கள், அதாவது நோயறிந்து மருந்தும் எழுதும் உரிமை பெற்ற செவிலியர்கள், இன்றும் முதுகலையோடு பணிக்கு வரலாம். ஆனாலும் பட்டம் பரவிய வேகம் வியக்க வைப்பது. 2001-ல் ஒரே ஒரு பல்கலைக்கழகம். இருபது ஆண்டுக்குள் 400-க்கும் மேற்பட்ட இடங்கள், சுமார் 40,000 மாணவர்கள்.

இந்த வரலாற்றில் ஒரு செய்தி பலரின் கண்ணில் படுவதில்லை. தீர்மானம் போட்டவர்களின் மனதில் முதலில் இருந்தது நோயாளியை நேரில் பார்க்கும் உயர்நிலைச் செவிலியர். நிர்வாகத்துக்குப் போகிறவர்களுக்கான பிரிவும் 2006 ஆவணத்தில் உண்டு. ஆனால் அது பக்கத்து அறை. எந்த ஆவணமும் ‘தலைமைச் செவிலிய அதிகாரி முனைவராக இருக்க வேண்டும்’ என்று விதிக்கவில்லை. செவிலியச் சிறப்புக்காக அமெரிக்க மருத்துவமனைகள் பெரிதும் விரும்பும் ‘மேக்னட்’ அங்கீகாரமும் தலைமைச் செவிலிய அதிகாரிக்கு முதுகலைப் பட்டத்தைத்தான் குறைந்தபட்சத் தகுதியாகக் கேட்கிறது. ஆகவே மயக்க மருந்துச் செவிலியருக்குப் பட்டம் கட்டாயம். தலைமையை நாடுபவருக்கு அது சொந்தத் தேர்வு. இந்த வேறுபாடு தெரியாமல் சேர்கிறவர்கள் பிறகு வருந்துகிறார்கள்.

என்ன கற்கிறார்கள்

இளங்கலை முடித்து நேரே சேர்ந்தால் மூன்று, நான்கு ஆண்டுகள். முதுகலை முடித்தவருக்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு. பணியில் இருந்துகொண்டே பகுதி நேரமாகப் படித்தால் இன்னும் நீளும். நிர்வாகப் பிரிவில் சேர்ந்தவர் படிப்பது ஆய்வு முறை, புள்ளியியல், நிதி, சுகாதாரக் கொள்கை, தகவல் தொழில்நுட்பம், தரமேம்பாடு, சட்டம், பிற துறையினரோடு இணைந்து பணியாற்றும் முறை. பட்டியலாகப் பார்த்தால் எம்.பி.ஏ.வின் சாயல் தெரியும். வேறுபாடு, இவை அனைத்தும் நோயாளியின் படுக்கையில் போய் முடிய வேண்டும் என்பதில் இருக்கிறது.

இந்த அறிவு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு வார்டில் சராசரியாக 24 நோயாளிகள். ஒரு நோயாளிக்கு ஒரு நாளில் ஆறு மணி நேரச் செவிலியப் பணி கிடைக்கிறது. அதை ஆறரை மணியாக்க வேண்டும் என்று தலைமைச் செவிலியர் கேட்கிறார். நாளுக்கு 12 மணி நேரம் கூடும். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் ஒன்று. ஆண்டுக்கு 4,380 மணி. முழுநேர ஊழியர் ஒருவருக்கு ஆண்டுக்கு 2,080 மணி என்று கொண்டால், இரண்டு பேருக்குச் சற்று அதிகம். விடுப்பு, பயிற்சி நாட்களைச் சேர்த்தால் இரண்டரைப் பேரை நெருங்கும். நிதி அதிகாரி கேட்பார்: ‘இந்தச் சம்பளத்துக்கு ஈடாக மருத்துவமனைக்கு என்ன கிடைக்கும்?’ ‘செவிலியர்கள் களைத்துப் போகிறார்கள்’ என்பது உண்மையான பதில்தான். ஆனால் அந்த மேசையில் அது எடுபடாது. எத்தனை படுக்கைப் புண்கள் குறையும், எத்தனை பேர் தவறி விழுவது குறையும், வேலையை விட்டுப் போகும் செவிலியருக்குப் பதில் ஆள் எடுத்துப் பழக்கும் செலவு எவ்வளவு மிஞ்சும் என்று சொந்த மருத்துவமனையின் தரவிலிருந்து எடுத்துக் காட்டினால்தான் கோரிக்கை நிற்கும்.

2008 அக்டோபருக்குப் பிறகு இந்தக் கணக்குக்கு வலு கூடியது. மருத்துவமனைக்குள் வந்து சேர்ந்த ஆழமான படுக்கைப் புண், சிறுநீர் வடிகுழாயால் வந்த தொற்று, விழுந்து ஏற்பட்ட காயம் போன்றவற்றுக்கு இனிக் கூடுதல் பணம் தர முடியாது என்று மூத்தோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் அறிவித்தது. நோயாளியை இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது, தேவை முடிந்ததும் குழாயை எடுப்பது, கழிவறைக்குத் துணை போவது எல்லாம் செவிலியரின் அன்றாட வேலைகள். அதுவரை யாரும் விலை போட்டுப் பார்க்காத இந்த வேலைகள் மருத்துவமனையின் வருமானத்தோடு நேரடியாகப் பிணைந்தன. செவிலியப் பணியின் பயனை எண்ணால் நிறுவத் தெரிந்தவரின் சொல்லுக்கு அன்றிலிருந்து மதிப்பு வந்தது. டி.என்.பி.யின் நிர்வாகப் பிரிவு தலைமையை நாடுபவருக்குத் தரும் மிகப் பெரிய பயன் இதுவே என்பது என் கருத்து. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் கிரிமியப் போர் மரணங்களை வரைபடமாக்கி இங்கிலாந்து அரசின் முன் வைத்ததும் இதே வழியில்தான். 1858-ல் அவர் அரச புள்ளியியல் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினரானார். கைவிளக்கோடு நடந்த பெண்ணாக மட்டும் அவரைப் பாடநூல்களில் நிறுத்திவிட்டது நமக்குப் பெரிய இழப்பு.

திட்டப்பணி என்னும் உரைகல்

பிஎச்.டி. மாணவர் புதிய அறிவைத் தேடி ஆய்வேடு எழுதுகிறார். டி.என்.பி. மாணவர் ஏற்கெனவே நிறுவப்பட்ட அறிவை ஒரு குறிப்பிட்ட இடத்தில் செயலுக்குக் கொண்டுவந்து, என்ன மாறியது என்று அளக்கிறார். அந்தத் திட்டப்பணிதான் படிப்பின் முதுகெலும்பு. படிப்பு தரமானதா என்பதையும் அங்கேதான் கண்டுகொள்ளலாம்.

நல்ல திட்டப்பணி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு, மாணவர் திட்டம் அல்லாத ஒரு பெரிய முயற்சியை எடுத்துக்கொள்கிறேன். மிச்சிகன் மாநிலத்தின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் தலைமையில் நடந்த ‘கீஸ்டோன்’ திட்டத்தின் முடிவுகள் 2006-ல் வெளியாயின. பெரிய இரத்தக் குழாயில் செருகும் குழாய்களால் வரும் தொற்றைத் தடுக்க ஐந்தே ஐந்து செயல்கள்: கை கழுவுதல், நோயாளியை முழுதும் துணியால் போர்த்தி உரிய கவசம் அணிதல், குளோர்ஹெக்சிடினால் தோலைத் துடைத்தல், தொடைப் பகுதியைத் தவிர்த்தல், தேவையற்ற குழாயை உடனே எடுத்தல். எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தரவுகளைப் பார்த்தபோது தொற்று 66 சதவீதம் வரை குறைந்திருந்தது. தெரிந்த ஐந்தால் இவ்வளவு எப்படிக் குறைந்தது? மருத்துவர் ஒரு படியைத் தவறவிட்டால் செவிலியர் ‘நிறுத்துங்கள்’ என்று சொல்லலாம் என்ற அதிகாரத்தை மருத்துவமனைத் தலைமை கொடுத்திருந்தது. கூடவே ஒவ்வொரு பிரிவிலும் ஒரு மருத்துவரும் ஒரு செவிலியரும் பொறுப்பாளர்களாக இருந்தார்கள். மாதாமாதம் எண்கள் திரும்பி வந்தன.

இந்தத் திட்டத்தில் ஒரு தலைமைச் செவிலியருக்குத் தேவையான எல்லாப் பாடமும் இருக்கிறது. நிறுவப்பட்ட அறிவைத் தேர்ந்தெடுப்பது, அதைச் செய்யக்கூடிய சிறு செயல்களாகப் பிரிப்பது, தடுத்து நிறுத்தும் அதிகாரத்தை மேலிடத்தில் பேசி வாங்குவது, அளப்பது, அளந்ததைச் செய்தவர்களிடமே திருப்பிக் காட்டுவது. இதில் மிகக் கடினமானது மூன்றாவது. டி.என்.பி. மாணவர் தன் மருத்துவமனையில் இதைச் சிறிய அளவிலாவது செய்து முடித்திருந்தால், பட்டம் கைக்கு வரும் முன்பே அவர் தலைவராகிவிட்டார்.

வருத்தம் தருவது, எல்லாத் திட்டங்களும் இப்படி இருப்பதில்லை. ஒரு வார்டில் அரை மணி நேர வகுப்பு எடுத்து, வகுப்புக்கு முன்னும் பின்னும் வினாத்தாள் கொடுத்து, மதிப்பெண் கூடியது என்று எழுதி முடிக்கப்படும் திட்டங்கள் உண்டு. வகுப்பு கேட்டவருக்கு மதிப்பெண் கூடாமல் என்ன செய்யும்? நோயாளிக்கு என்ன மாறியது என்ற கேள்விக்கு அங்கே பதில் இராது. எட்டு வாரத்தில் தரவு சேகரித்து, மாணவர் விடைபெற்றதும் பழைய வழக்கத்துக்கே வார்டு திரும்பிவிடும் திட்டங்களும் உண்டு. படிப்புகள் வேகமாகப் பெருகிய இடத்தில் வழிகாட்டும் ஆசிரியருக்குப் பஞ்சம் வருவது இயல்பு. இணையவழி நடக்கும் பல படிப்புகளில் பயிற்சிக்கான இடத்தையும் மேற்பார்வையாளரையும் மாணவரே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இத்தனை மணி நேரப் பயிற்சி வேண்டும் என்ற விதி இருக்கிறது. அந்த மணிகளில் மாணவர் எந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தார், எந்த முடிவில் பங்கு கொண்டார் என்பதைக் கேட்பவர் குறைவு. சேர்வதற்கு முன், அந்தக் கல்லூரியில் கடந்த ஆண்டுகளில் முடிந்த திட்டப்பணிகள் நான்கைந்தை வாங்கிப் படியுங்கள் என்று யாரிடமும் சொல்வேன். கல்லூரியின் பெயரும் தரவரிசையும் சொல்லாததை அவை சொல்லிவிடும்.

எதிர்ப்புக் குரல்கள்

பட்டம் முளைவிட்டபோதே உள்ளிருந்து எதிர்ப்பு வந்தது. எதிர்த்தவர்கள் சாதாரணமானவர்கள் அல்ல. 2005-ல் அஃபாஃப் மெலெய்ஸ், கேத்லீன் டிராகப் இருவரும் டி.என்.பி.க்கு எதிராகவே ஒரு கட்டுரை எழுதினார்கள். மெலெய்ஸ் அப்போது பென்சில்வேனியா பல்கலைக்கழகச் செவிலியப் பள்ளியின் தலைவர். செவிலியர் பல்கலைக்கழகத்தில் மற்றத் துறையினரோடு சமமாக உட்கார நீண்ட காலம் போராடிப் பெற்றது ஆய்வுப் பட்டம். அதன் அருகில் இன்னொரு பட்டத்தை வைத்தால் இரண்டும் மெலியும், செவிலியர் மீண்டும் ஓரங்கட்டப்படுவார்கள் என்பது அவர்கள் அச்சம்.

அந்த அச்சத்தின் ஒரு பாதி உண்மையாகிவிட்டது என்றே சொல்ல வேண்டும். 2013-க்குப் பிறகு அமெரிக்காவில் செவிலிய பிஎச்.டி. மாணவர் எண்ணிக்கை சரிந்துகொண்டே வந்தது; டி.என்.பி. ஏறிக்கொண்டே போனது. நிறுவப்பட்ட அறிவைச் செயலாக்க ஆயிரக்கணக்கானவர்கள் தயாராகும்போது, அந்த அறிவை நிறுவுகிறவர்கள் குறைந்தால் என்ன ஆகும்? எய்கன் போன்ற ஒருவர் இல்லாமல் 7 சதவீதம் என்ற எண் நம்மிடம் வந்திருக்காது. அந்த எண் இல்லாமல் எந்தத் தலைமைச் செவிலியரும் நிர்வாகக் குழுவில் வாதாட முடியாது. 2010-ல் வந்த ‘செவிலியத்தின் எதிர்காலம்’ அறிக்கை, 2020-க்குள் முனைவர் பட்டம் பெற்ற செவிலியர்களை இரு மடங்காக்கச் சொன்னது. இலக்கு தாண்டப்பட்டது, தாண்ட வைத்தவர்கள் பெரும்பாலும் டி.என்.பி.காரர்கள். அது முழு வெற்றி ஆகாது.

மருத்துவர்கள் எழுப்பிய எதிர்ப்பு ‘டாக்டர்’ என்ற அழைப்பைப் பற்றியது. நோயாளி குழம்புவார் என்கிறார்கள். கலிபோர்னியாவில் மருத்துவர் அல்லாதவர் சிகிச்சைச் சூழலில் அந்த அடைமொழியைப் பயன்படுத்தச் சட்டம் கட்டுப்பாடு விதிக்கிறது. அதை எதிர்த்து 2023-ல் முனைவர் பட்டம் பெற்ற மூன்று நர்ஸ் பிராக்டிஷனர்கள் நீதிமன்றம் போனார்கள். நிர்வாகத்துக்குப் போகிறவரை இந்தச் சண்டை அவ்வளவாகத் தொடுவதில்லை. தொட்டாலும் அதில் நேரம் செலவிட வேண்டாம் என்பேன்.

செலவுதான் நெஞ்சை அழுத்தும் விஷயம். பல்லாயிரம் டாலர் கட்டணம். கூடவே, வேலை நேரத்தைக் குறைத்தால் இழக்கும் சம்பளம். பல மருத்துவமனைகள் ஊழியரின் படிப்புக்கு உதவுகின்றன. ஆண்டுக்கு 5,250 டாலர் வரை அந்த உதவிக்கு வரி இல்லை. 2025-ல் வந்த அமெரிக்கச் சட்டம் நிலைமையை இன்னும் இறுக்கியிருக்கிறது. 2026 ஜூலை முதல் பட்டமேற்படிப்புக்கான அரசுக் கடனுக்கு உச்சவரம்பு: தொழில்முறைப் பட்டங்களுக்கு மொத்தம் 2 லட்சம் டாலர், மற்றவற்றுக்கு 1 லட்சம். 2025 நவம்பரில் கல்வித் துறை முன்வைத்த தொழில்முறைப் பட்டங்களின் வரையறையில் மருத்துவமும் சட்டமும் இருந்தன, செவிலியம் இல்லை. செவிலியச் சங்கங்கள் கொதித்தெழுந்தன. கோபம் நியாயமானது. வீட்டுக்கடன், குழந்தைகள், ஊரில் பெற்றோருக்கு அனுப்பும் பணம் எல்லாவற்றுக்கும் இடையில் படிக்கும் ஒரு நடுத்தர வயதுப் பெண்ணின் கணக்கில் இந்த வரையறை ஒரு பெரிய தொகை.

பயன் தந்ததற்குச் சான்று இருக்கிறதா?

செவிலியர் எண்ணிக்கை கூடினால் மரணம் குறைகிறது என்பதற்குச் சான்று உண்டு. இளங்கலைப் பட்டம் பெற்ற செவிலியர்களின் பங்கு கூடினால் மரணம் குறைகிறது என்பதற்கும் சான்று உண்டு. 2003-ல் அமெரிக்கத் தரவிலும், 2014-ல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் தரவிலும் எய்கன் குழு அதைக் காட்டியது. தலைமைச் செவிலிய அதிகாரி டி.என்.பி. பெற்றவராக இருந்தால் அந்த மருத்துவமனையில் நோயாளிகள் நலமாக இருக்கிறார்கள் என்பதற்கு அதே வலுவுள்ள சான்று இல்லை. பட்டத்தை விளம்பரப்படுத்துகிறவர்கள் முதல் இரண்டைச் சொல்லி மூன்றாவதை நம் மனதில் ஏற்றிவிடுகிறார்கள். அது சரியல்ல.

தலைமைக்கு வேறு பாதைகளும் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். மெரிலின் டாவனர் செவிலியராகத் தொடங்கியவர். மருத்துவ நிர்வாகத்தில் முதுகலை படித்தார். 2013 முதல் 2015 வரை மெடிகேரையும், வருமானம் குறைந்தோருக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டையும் நடத்தும் மத்திய அமைப்பின் தலைவராக இருந்தார். செவிலியரான மேரி வேக்ஃபீல்ட் பிஎச்.டி. பெற்றவர், அமெரிக்க சுகாதாரத் துறையின் உயர்பதவிகளுக்கு வந்தார். இருவரிடமும் டி.என்.பி. இல்லை.

அப்படியானால் யாருக்கு இது? பாட்ரீஷியா பென்னர் 1984-ல் எழுதிய நூலில், செவிலியர் தொடக்கநிலையிலிருந்து நிபுணர் நிலை வரை ஐந்து படிகளில் வளர்கிறார் என்றும், அந்த வளர்ச்சிக்கு அனுபவமே உரம் என்றும் விளக்கினார். தலைமைக்கும் அது பொருந்தும் என்று நம்புகிறேன். ஒரு வார்டின் பணிப்பட்டியலைப் போட்டவர், நள்ளிரவில் ஆள் வராத ஷிப்ட்டைச் சமாளித்தவர், இறந்த நோயாளியின் குடும்பத்துக்குப் பதில் சொன்னவர், கோரிக்கையோடு மேலே போய் வெறுங்கையோடு திரும்பியவர் இந்தப் படிப்பில் சேர்ந்தால், ஒவ்வொரு பாடமும் அவர் மனதில் ஏற்கெனவே இருக்கும் கேள்விக்கு விடையாக விழும். இளங்கலை முடித்த கையோடு ‘தலைமைப் பிரிவில்’ சேர்கிறவருக்கு அந்தக் கேள்விகளே இருக்காது. மயக்க மருந்துப் பிரிவுக்கு நேரே சேர்வது வேறு. அது ஒரு தொழில்திறன். தலைமைக்கு அப்படிச் சேர்வதை நான் ஊக்குவிக்க மாட்டேன்.

நம் பக்கம்

இந்தியாவில் செவிலிய முனைவர் என்றால் வழக்கத்தில் இருப்பது பிஎச்.டி.தான். இந்திய நர்சிங் கவுன்சில், பெங்களூருவின் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடத்தும் தேசியக் கூட்டமைப்பு வழியாகவும், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திலும் அது நடக்கிறது. பட்டம் பெற்றவர்கள் பெரும்பாலும் கல்லூரிகளில் பேராசிரியராகவும் முதல்வராகவும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் டி.என்.பி. பெற்று, திரும்பி வந்து இங்கே பேராசிரியராக எண்ணுகிறவர் இதை முன்பே யோசிக்க வேண்டும். கல்லூரிப் பணிக்கும் ஆய்வு வழிகாட்டுதலுக்கும் இங்கே எதிர்பார்க்கப்படுவது ஆய்வுப் பட்டம்.

நம்மிடம் படிப்புக்கு வரலாறு இல்லாமல் இல்லை. ஐடா ஸ்கடர் வேலூரில் 1909-ல் செவிலியப் பள்ளி தொடங்கினார். 1946-ல் வேலூரும் டெல்லியும் நாட்டின் முதல் செவிலிய இளங்கலைப் படிப்புகளைத் தொடங்கின. உயர்நிலை நடைமுறைப் படிப்பும் அண்மையில் வந்திருக்கிறது. தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் என்ற இரண்டாண்டு முதுகலை உறைவிடப் பயிற்சியை நர்சிங் கவுன்சில் வகுத்தது. மகப்பேற்றுக்கான நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியை மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல்கள் முன்வைத்தன. படித்து வெளிவந்தவருக்கு அதற்குரிய பதவியும் அதிகாரமும் காத்திருக்கின்றனவா என்பதில்தான் நாம் பின்தங்கி நிற்கிறோம்.

இதை முன்பே சொன்னவர் ஒரு தமிழ்ப் பெண்மணி. மத்திய அரசு 1987-ல் அமைத்த செவிலியத் துறைக்கான உயர்நிலைக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் சென்னையின் சமூகப் பணியாளர் சரோஜினி வரதப்பன். 1989-ல் வந்த அந்தக் குழுவின் அறிக்கை, நோயாளிக்கு எத்தனை செவிலியர், வாரத்துக்கு எத்தனை மணி வேலை என்பதோடு, மத்தியிலும் மாநிலங்களிலும் செவிலிய நிர்வாகத்துக்குச் செவிலியரே தலைமை ஏற்கும் அமைப்பு வேண்டும் என்பதையும் விரிவாகப் பேசியது. முப்பத்தைந்து ஆண்டுக்கு மேலாகியும் அந்த அறிக்கையின் பக்கங்களைச் செவிலியர் சங்கங்கள் கோரிக்கை மனுக்களில் எடுத்துக்காட்டிக்கொண்டிருக்கின்றன. 1947 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகத் தேசிய செவிலியம் மற்றும் மகப்பேற்றுப் பணி ஆணையச் சட்டம் 2023-ல் நிறைவேறியிருக்கிறது. அந்த ஆணையம் புதிய பட்டங்களை வகுக்கும் முன், மாவட்ட மருத்துவமனை ஒவ்வொன்றிலும் வரவுசெலவில் கையெழுத்திடும் உரிமையுள்ள செவிலிய அதிகாரி ஒருவரை அமர்த்த மாநில அரசுகளை வலியுறுத்த வேண்டும். பதவி உண்டானால் அதற்குரிய படிப்பைத் தேடி ஆட்கள் வருவார்கள். பதவி இல்லாமல் பட்டத்தை மட்டும் கொண்டுவந்தால், படித்தவர் விமானம் ஏறுவார்.

அமெரிக்காவில் இருந்துகொண்டு இந்தப் படிப்பை எண்ணும் சகோதரிகளுக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விண்ணப்பம் போடும் முன் உங்கள் மருத்துவமனையின் தலைமைச் செவிலிய அதிகாரியைச் சந்தியுங்கள். உங்கள் வார்டில் எதை மாற்ற விரும்புகிறீர்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். அந்தத் தாளை உங்கள் திட்டப்பணியாக ஏற்று, தரவும் நேரமும் தர அவர் ஒப்புக்கொண்டால் சேருங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால், அந்தக் கட்டணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒப்புக்கொள்ளும் மருத்துவமனையை முதலில் தேடுங்கள்.